ரசம் ஆறுறதுக்குள்ள

பிப்ரவரி 2

இந்த டைரி அரிசி மண்டிக்காரர் பொங்கலுக்கு எங்க கேன்டீனுக்குக் கொடுத்தது. சூப்பர்வைசர் ஓரமா தூக்கிப் போட்டார், நான் எடுத்துட்டு வந்துட்டேன். பால்காரனுக்கு எத்தனை நாள் பால் வாங்கினேன்னு குறிச்சு வைக்கலாம்னு நினைச்சேன். இப்ப இதுக்கு வேற வேலை வந்துடுச்சு.

நேத்து பூசை முடிஞ்சு நடந்து வரும்போது இவிய, என் வீட்டுக்காரர், என்கிட்ட ஒரு ரகசியம் சொன்னாவ. சொல்லிட்டு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாவ. எனக்கு ஒரு சங்கதியை மனசுக்குள்ள பூட்டி வைக்கத் தெரியாதுன்னு புன்னைத்துறை முழுக்கத் தெரியும். அதான் இதுல எழுதிக் கொட்டிடுறேன். இடத்தை மட்டும் இதுலயும் எழுத மாட்டேன்.

இவிய பேரு இன்னாசி. வாயால கூப்பிட்டது இல்ல, எழுதுறதுக்கு என்ன. சங்கு குளிக்கிற ஆளு. காத்து வர்ற ஓஸ் குழாயை வாயில கடிச்சுக்கிட்டு அடியில இறங்கி, மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சு கிடக்குற சங்கைத் தடவித் தடவி எடுக்கணும். மேல மோத்தா அண்ணாச்சியோட வள்ளத்துல காத்தடிக்கிற கம்ப்ரசர் ஓடும். கயிறு பிடிக்கிறது என் தம்பி செல்வின். துறைமுகத்தை ஆழமாக்குறோம்னு மண்ணு அள்ளுற கப்பல் வந்ததுல இருந்து கடல் கலங்கியே கிடக்கு, ரெண்டு சீசனா சங்கே தட்டுப்படல. இப்ப ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்காவ. அங்க சங்கு புதைஞ்சே கிடக்கலயாம். எல்லாம் தரைக்கு மேல வந்து கிடக்காம்.

"சும்மா பொறுக்கிப் போட வேண்டியதுதான் ஏட்டி. மாதா கண்ணைத் திறந்துட்டா."

இதைச் சொல்லும்போது இவிய முகத்துல ரெண்டு வருசமா நான் பாக்காத சிரிப்பு இருந்துச்சு. எனக்கும் சந்தோசம்தான். சொந்தமா ஒரு வள்ளம் வாங்கணும்கிறது கல்யாணத்துக்கு முன்னாடியே உள்ள ஆசை.

பிப்ரவரி 5

இன்னைக்கும் பை நிறைய சங்கு. மக ஜெனிட்டா தலையில பேன் பாத்தேன், பள்ளிக்கூடத்துல யார்கிட்ட இருந்தோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கா. வேப்பெண்ணெய் தேய்ச்சா ஊரைக் கூட்டுறா.

செல்வின் சாப்பிட வந்தவன் ஒரு விசயத்தைச் சாதாரணமா சொல்லிட்டுப் போனான். ஆளு கீழ இருந்தா வள்ளத்துல சிவப்புத் துணி கட்டுறது எங்க ஆளுக வழக்கம். அதைப் பாத்தா மத்த வள்ளம் ஒதுங்கிப் போகும். இவிய இப்ப அந்தத் துணியைக் கட்டுறதே இல்லையாம். கட்டினா இங்க சங்கு இருக்குன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடும்ல. அதனால செல்வின் ஒரு தூண்டிலைப் போட்டுக்கிட்டு மீன் பிடிக்கிறவன் மாதிரி உக்காந்திருக்கானாம். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சேன். பிறகு பாத்திரம் கழுவும்போது சிரிப்பு வரல.

பிப்ரவரி 7

சங்குச் சதை சமைக்கலாம்னு இவிய கொஞ்சம் சங்கை வாளியில, அடியில இருந்து வந்த சேத்தோடயே கொண்டாந்து வச்சாவ. நேத்து சாயங்காலம் அப்படியே வச்சிட்டுப் படுத்துட்டேன். காலையில பாத்தா அத்தனையும் சேத்தை விட்டு ஏறி, வாளி விளிம்புல ஒட்டிக்கிட்டு இருக்கு.

ஜெனிட்டா ஒண்ணை எடுத்து, கரையில இருந்து நல்ல மணலும் கடல் தண்ணியும் கொண்டாந்து ஒரு சட்டியில போட்டா. கொஞ்ச நேரத்துல அது தானா மணலுக்குள்ள புதைஞ்சுக்கிடுச்சு. "அம்மா, இதுக்கு அந்த வீடு பிடிக்கல"ன்னா. விளையாட்டுப் பிள்ளை.

அந்தச் சேத்தைக் கொட்டும்போதுதான் மோந்து பாத்தேன். கறுப்பா, களி மாதிரி, அழுகின முட்டையும் டீசலும் கலந்த நாத்தம். உள்ள சிவப்பு சிவப்பா பெயிண்ட் பொருக்கு. இந்தச் சேறு எனக்குத் தெரியும். நான் வேலை பாக்குற கேன்டீன் அந்த மண்ணு அள்ளுற கம்பெனிக்குத்தான் சோறு போடுது. கப்பல்ல இருந்து இறங்கி வர்றவனுவ பூட்ஸ்ல இருந்து தினமும் இதைத்தான் நான் கூட்டித் தள்ளுறேன். சிவப்புப் பொருக்கு கப்பலுக்கு அடியில பூசுற பெயிண்ட். துறைமுகத்துச் சேறு கடலுக்குள்ள சங்கு கிடக்குற இடத்துக்கு எப்படிப் போச்சு?

சதையைச் சமைக்கல. கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன்.

பிப்ரவரி 8

பூசையில சாமியார் என்ன பிரசங்கம் வச்சார்னு கேட்டா எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 10

இது கேன்டீன்ல இருக்கிற எங்களுக்கு மட்டும் தெரியுற கணக்கு. கப்பல் சேத்தை நிரப்பிக்கிட்டுக் கிளம்பும்போது ஒரு ஊது ஊதும். அதைக் கேட்டதும் நாங்க ரசத்தை இறக்கி, கப்பல்காரங்க தூக்குவாளியில ஊத்தி மூடி வைப்போம். கப்பல் சேத்தைக் கொட்டிட்டுத் திரும்புனதும் ஆள் வந்து எடுத்துட்டுப் போவான். போன வருசமெல்லாம் அவன் வரும்போது ரசம் பச்சைத் தண்ணியா ஆறிக் கிடக்கும், மறுபடி சுட வைக்கச் சொல்லிச் சண்டை போடுவான். இப்ப கொஞ்ச நாளா சண்டையே இல்ல. தூக்குவாளியைத் தொட்டா கை சுடுது.

இன்னைக்கு அந்தப் பையன் திபாங்கர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். வங்காளத்துக்காரன், அரைகுறைத் தமிழ். எங்கப்பா கொட்டுறீங்க, இப்பல்லாம் சீக்கிரம் வந்துடுறீங்களேன்னு கேட்டேன். தூரம் போனா டீசல் செலவு அக்கா, பக்கத்துலதான்னு கை காட்டினான். கப்பல் அடியில கதவு இருக்காம். திறந்தா அத்தனை சேறும் ஒரே மொத்தமா இறங்கிடுமாம். வழியில மீன்பிடி போட்டு நின்னா என்ன செய்வீங்கன்னு கேட்டேன். ஹாரன் அடிப்போம், போயிடுவாங்கன்னான். நகராத போட்டே கிடையாதுன்னான்.

செல்வின் தூண்டிலோட உக்காந்திருப்பான். ஹாரன் அடிச்சா எப்படி நகருவான்? ஓஸோட மறுமுனையில எங்க ஆளு இருக்காவளே.

சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டு ஏச்சு வாங்கினேன்.

பிப்ரவரி 11

இவிய மத்தியானமே வந்துட்டாவ. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு. மூக்கைச் சிந்தினா கறுப்பா வருது. வலது காதுல இருந்து ரத்தம். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்காவ. விடாம கேட்டேன். கீழ இருக்கும்போது திடீர்னு இருட்டிடுச்சாம். தன் கையே தனக்குத் தெரியலயாம். காலைச் சுத்திக் கனமா என்னமோ தள்ளிக்கிட்டுப் போச்சாம், ஓஸைப் பிடிச்சுக்கிட்டே மேல வந்தாவளாம்.

"நீரோட்டம். வாடைக்காத்து முடியுற நேரம் அப்படித்தான் இருக்கும்."

செல்வினைத் தனியா இழுத்துக் கேட்டேன். கப்பல் வந்துச்சா? வந்துச்சு, ஆனா தள்ளித்தான் நின்னுச்சு அக்கான்னான். கப்பலோட அடிக்கதவைப் பத்தி இவியகிட்ட சொன்னேன், வாளிச் சேத்தையும் சொன்னேன். இவிய துண்டை வச்சுக் காதைப் பொத்திக்கிட்டாவ. அது நான் பேசுறது பிடிக்காமலா, வலியாலயான்னு தெரியல. நாளைக்கும் போகணும், சங்கு அப்படியே கிடக்குன்னாவ.

அந்தத் துண்டை இப்பத்தான் அலசினேன். தண்ணியில சிவப்புப் பொருக்கு.

பிப்ரவரி 12

கம்பெனி ஆபீஸ் கேன்டீனுக்கு மாடியில. டீ கொண்டு போற சாக்குல ஏறிப் போய் அங்கிருந்த சாரைப் பாத்தேன். நல்ல பிள்ளைதான், என்னை உக்காரச் சொன்னார். சார், சேத்தைப் பக்கத்துல கொட்டுறாங்க, கீழ ஆளு யாராவது இருந்தா செத்துப் போவாங்க சார்னு சொன்னேன். அவர் சுவத்துல மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். கரையில இருந்து ரொம்பத் தள்ளி ஒரு சிவப்பு வட்டம். எல்லாம் அங்கதாம்மா கொட்டுறோம், கம்ப்யூட்டர்ல பதிவாகுதுன்னார்.

"சரி, எங்க கொட்டுறதா சொல்றீங்க? நீங்களே காட்டுங்க."

எழுந்து படத்துக்கிட்டப் போனேன். கோயிலும் கரையும் எல்லாம் அதுல இருந்துச்சு. அந்த இடத்தை நான் கண்ணை மூடிக்கிட்டே காட்டுவேன். விரலைத் தூக்கினேன். அப்ப அவர் சொன்னார், கம்ப்ரசர் வச்சுக் குளிக்கிறது சட்டப்படி தப்பும்மா, அப்படி யாராவது அங்க இருந்தா நாங்க புகார் கொடுத்தாகணும், வள்ளத்தைப் பறிமுதல் பண்ணிடுவாங்கன்னு. விரலை முந்தானையில துடைச்சுக்கிட்டு, டீ டம்ளரை எடுத்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

படியில நின்னு அழுதேன். யாரும் பாக்கல.

பிப்ரவரி 13

என் சிவப்புச் சேலை ஒண்ணைக் கிழிச்சு, ஓரம் அடிச்சு, கட்டுறதுக்கு நாடா வச்சுத் தச்சுக் கொடுத்தேன். இதைக் கட்டிக்கிட்டாவது இறங்குங்கன்னு கும்பிட்டேன். கட்டினா ஊரு மொத்தமும் வந்து நிக்கும், ரெண்டே நாள்ல வழிச்சுட்டுப் போயிடுவானுவன்னாவ. நான் கத்தினேன். இவிய கத்தல. துணியை மடிச்சு டிரங்குப் பெட்டி மேல வச்சிட்டுக் கிளம்பிட்டாவ.

சாயங்காலம் வர்ற வரைக்கும் கப்பல் ஊதுற ஒவ்வொரு தடவையும் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து கிழக்க பாத்தேன். வந்துட்டாவ. சாப்பிட்டாவ. நாளைக்கு மறுபடி இதே பாடு.

பிப்ரவரி 16

வந்துட்டாவ.

பிப்ரவரி 17

சூப்பர்வைசர் இன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். துறைமுகத்துக்குப் பெரிய சரக்குக் கப்பல் வரப்போகுதாம், அதுக்குள்ள ஆழப்படுத்தி முடிக்கணுமாம். வியாழக்கிழமையில இருந்து கப்பல் நிக்காம ஓடும், சமையல் ரெண்டு மடங்குன்னார். கூட வேலை பாக்குறவளுவ சம்பளம் கூடுமான்னு கேட்டாளுவ. ஒரு நாளைக்குக் கப்பல் எத்தனை தடவை போகும்னு நான் கேட்டேன்.

கரையோரமா வீட்டுக்கு வந்தேன். அலையோட செத்த புழு ஒதுங்கிக் கிடக்கு, கை கையா அள்ளலாம். சங்குக்கு இரை அந்தப் புழுதான். நண்டு ரெண்டு மூணு மல்லாந்து கிடந்துச்சு. காக்கா கூட அதைத் தொடல.

இவியகிட்ட கடைசியா ஒரு தடவை கெஞ்சினேன். சங்கு உங்களுக்காக மேல வரல, மூச்சு முட்டி வருது, ஜெனிட்டா சட்டியில பாத்தீங்கல்லன்னேன். தெரியும்னாவ. அந்த ஒரு வார்த்தைதான். தெரியுமாம். தெரிஞ்சுக்கிட்டேதான் இறங்குறாவ. செத்துப் போறதுக்குள்ள எடுத்துடணும்னாவ. சங்கைச் சொன்னாவளா, தன்னைச் சொன்னாவளான்னு நான் கேக்கல.

பிப்ரவரி 18, விபூதிப் புதன்

நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டு வெளிய வந்தேன். ஜெபமாலை அக்கா செருப்புத் தேடிக்கிட்டு இருந்தா. நாலு தெருவுக்கும் அவதான் செய்தி. பொதுவா அவளைக் கண்டா நான் வேற சந்துல திரும்பிடுவேன். இன்னைக்கு அவ செருப்பு கிடைக்கிற வரைக்கும் நின்னு, நானும் சேந்து தேடி, அவகூடவே நடந்தேன். என் வீடு தாண்டியும் நடந்தேன்.

பேச்சோட பேச்சா வாய் தவறி வந்துடுச்சு. மாதா கோயில் சிலுவையும் பழைய ஐஸ் கம்பெனித் தண்ணித் தொட்டியும் ஒண்ணு மேல ஒண்ணா வர்ற இடத்துக்கு நேர் கிழக்க, தண்ணி நிறம் மாறுற இடத்துல, சங்கு மேலயே கிடக்குன்னு சொல்லிட்டேன். தொட்டின்னா எந்தத் தொட்டின்னு கேட்டா. இன்னொரு தடவை விளக்கமா சொன்னேன். அங்கதான் கப்பல் சேத்தைக் கொட்டுது, ஆபத்து அக்கான்னும் சொன்னேன். அது அவ காதுல ஏறுனதா தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு அவ கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினேன்.

பயமா இருக்கு. சாம்பல் இன்னும் நெத்தியில இருக்கு, அழிக்க மனசு வரல.

பிப்ரவரி 19

இவிய விடியுறதுக்கு முன்னாடியே போயிட்டாவ. நான் கேன்டீன் மொட்டை மாடியில வத்தல் காயப் போடுறேன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். வெளிச்சம் வரவர பாத்தேன், வள்ளமா கிளம்புது. தேவசகாயம் வீட்டு வள்ளம், மேலத் தெருக்காரங்க வள்ளம், மீன் மட்டும் பிடிக்கிறவன் கூட ஓஸைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறான். அத்தனையும் கிழக்க. போய் ஒரே இடத்துல நின்னுச்சு. ஒவ்வொண்ணுலயும் சிவப்புத் துணி.

கப்பல் ஊதிட்டுக் கிளம்புச்சு. கீழ ரசத்தை இறக்குற வாசனை வந்துச்சு. கப்பல் நேரா அந்தக் கூட்டத்தைப் பாத்துப் போச்சு. ஹாரன் அடிச்சுச்சு. ஒரு வள்ளம் நகரல. மறுபடி அடிச்சுச்சு, நீளமா. நான் வத்தல் முறத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னேன். இத்தனை பேரையும் நான்தானே அனுப்பினேன், இப்ப கதவைத் திறந்தா இத்தனை உசுரும் என் கணக்குல வருமேன்னு அப்பத்தான் தோணுச்சு. மாதாவே, மாதாவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

கப்பல் நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. பிறகு மெதுவா மூக்கைத் திருப்பி, வள்ளங்களைச் சுத்திக்கிட்டு, வெளிக்கடலுக்குப் போச்சு. போய்க்கிட்டே இருந்து கண்ணுக்கு மறைஞ்சுச்சு.

திபாங்கர் வந்தப்ப தூக்குவாளி ஜில்லுன்னு இருந்துச்சு. ஆறிப்போச்சேன்னு சண்டை போட்டான். சந்தோசமா சுட வச்சுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20

நேத்து இவிய வீட்டுக்கு வந்து குளிச்சு, தலை துவட்டி, சாப்பிடாம உக்காந்தாவ. ஜெனிட்டாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாவ.

"நீயா?"

வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தான். வேணும்னுதான் சொன்னேன்."

அடிக்கப் போறாவன்னு நினைச்சேன். அடிக்கல. மோத்தா அண்ணாச்சி வேற ஆள் பாத்துக்கிறதா சொல்லிட்டாவளாம், பொண்டாட்டி வாயை அடக்கத் தெரியாதவனை வள்ளத்துல ஏத்த மாட்டேன்னு கரையில நாலு பேர் முன்னாடி சொன்னாவளாம். இவிய என்கிட்ட சொன்னது இவ்வளவுதான்: "உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

அதுக்கு நான் செத்தே போயிருக்கலாம். ஆனா இவிய உசுரோட எதிர உக்காந்துதானே சொன்னாவ. அதை நினைச்சுக்கிட்டே சோத்தைப் போட்டு முன்னாடி வச்சேன்.

பிப்ரவரி 24

ஊரே அள்ளுச்சு. தெருவுல என்னைக் கண்டா வாழ்த்தினாளுவ, ஜெபமாலை அக்கா மிட்டாய் கொடுத்தா. இன்னைக்கு எல்லாம் முடிஞ்சுது. அங்க கிடந்த மிச்சச் சங்கு மொத்தமும் செத்துப்போச்சாம், உள்ள சதை கூழா ஒழுகுதாம். ஓட்டுல கறுப்பு ஏறியிருக்குன்னு வியாபாரி கைய விரிச்சுட்டான். கரையில குவிச்சுப் போட்டிருக்காவ, நாத்தம் வீடு வரைக்கும் வருது. அந்த இடத்துல இனி எத்தனை வருசத்துக்கு ஒண்ணும் முளைக்காதோ. ஒரு வள்ளமும் அந்தப் பக்கம் போகல.

ஜெனிட்டாவோட சட்டியில அந்த ஒத்தைச் சங்கு மட்டும் மணலுக்குள்ள உசுரோட இருக்கு. தினமும் தண்ணி மாத்துறா.

மார்ச் 3

இவியளுக்கு வடக்க உள்ள ஒரு ஊர்க்காரன் வள்ளத்துல வேலை கிடைச்சிருக்கு. அந்த ஆளுகளை எனக்குத் தெரியாது. செல்வின் போகல, கயிறு பிடிக்க வேற யாரோ. ஆழமான இடம்னு மட்டும் காதுல விழுந்துச்சு. காதுக்கு மருந்து ஊத்தப் போனேன், தானே ஊத்திக்கிட்டாவ.

மார்ச் 4

விடியக்காலையில கிளம்பினாவ. சிவப்புத் துணியைப் பெட்டி மேல இருந்து எடுத்து பையில நான் வச்சேன். பாத்தாவ. எடுத்து வெளிய போடல. அந்த மட்டுக்குப் போதும்னு நினைச்சேன்.

வாசல் வரைக்கும் போய், எந்தப் பக்கம் போறீங்கன்னு கேட்டேன்.

"கடலுக்கு."

அவ்வளவுதான் சொன்னாவ. கோவமா சொல்லல. சாதாரணமா, தெருவுல யாரோ கேட்டா சொல்லுற மாதிரி சொன்னாவ. இனி நான் பூட்டி வைக்கிறதுக்கு ரகசியம் எதுவும் இல்ல, இந்த டைரியும் தேவையில்ல.

கேன்டீனுக்கு வந்து அரிசி களைஞ்சேன். கப்பல் ஊதுச்சு. ரசத்தை இறக்கித் தூக்குவாளியில ஊத்தி மூடினேன். தட்டு கழுவினேன், அப்பளம் பொரிச்சேன். பொரிச்ச எண்ணெயை வடிகட்டிக்கிட்டு இருக்கும்போதே கப்பல் திரும்பி, வாசல்ல திபாங்கர் நின்னான்.

தூக்குவாளியைத் தொட்டுப் பாத்தேன். கை சுட்டுச்சு.